மூணு வயசு வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு யாரு ஊட்டுறது?

மலைக்கிராமத்துப் பிள்ளைங்க எடை கம்மின்னு பேச்சு வந்தாலே "அந்த அம்மாங்களுக்கு விழிப்புணர்வு இல்ல"ன்னு பொசுக்குனு சொல்லிடுறாங்க. கேட்டாலே கோவம் வருது எனக்கு.

போன வருஷம் ஒரு மலைக்கிராமத்துல பார்த்தேன், ஏழெட்டு வயசு அக்கா, அவ இடுப்புல ஒரு வயசு தாண்டின தம்பி. அங்கன்வாடி டீச்சர் அவன் கையில கலர் நாடாவைச் சுத்திப் பார்த்தாங்க, சிவப்புல நின்னுச்சு, அப்படின்னா கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்கும் கீழ, கடுமையான சத்துக்குறைவு. பிள்ளை அழவே இல்ல, அழுறதுக்கும் தெம்பு வேணும்ல. அம்மா விடியுறதுக்கு முன்னாடி கூலி வேலைக்குப் போயாச்சு, இருட்டினப்புறம்தான் வருவாங்க, அதுவரைக்கும் அக்கா குடுக்குற ஆறின கஞ்சியும் பிஸ்கட்டும்தான்.

அந்த வயசுல வயிறு சின்னது, ஒரே வேளைல நிறைய இறங்காது, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை பருப்பு, முட்டை, கொஞ்சம் எண்ணெய்னு குழைச்சு கூடவே உட்கார்ந்து ஊட்டணும். அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கு? ஒரு நாள் வேலைக்குப் போகலேன்னா அடுப்பு எரியாதே!

அங்கன்வாடிகளை நடத்துற ஐசிடிஎஸ்ங்கிற குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது 1975ல. இன்னைக்கும் பெரும்பாலான மாநிலங்கள்ல அங்கன்வாடில சூடான சாப்பாடு மூணு வயசுக்கு மேலதான் (நம்ம தமிழ்நாட்டுல ரெண்டு வயசுலேருந்து). அதுக்குக் கீழ உள்ளதுகளுக்கு வீட்டுக்குக் குடுத்துவிடுற சத்துமாவு பாக்கெட், அது வீட்ல இருக்குற அத்தனை பேருக்கும் பங்காகிடும், பசியோட நிக்கிற மூத்தவனை விட்டுட்டு சின்னவனுக்கு மட்டும் எந்தத் தாய் குடுப்பா? ஆனா வளர்ச்சி அடிபடுறது அந்த முதல் ரெண்டு வயசுக்குள்ளதான். 2019-21 தேசிய குடும்பநல சர்வேல அஞ்சு வயசுக்குட்பட்ட பழங்குடிப் பிள்ளைங்கள்ல 40.9 சதவீதம் வயசுக்கேத்த உயரம் இல்ல, நாட்டு சராசரி 35.5.

2013ல கேரளாவுல பழங்குடி ஜனங்க வாழுற அட்டப்பாடி மலைல பச்சைக் குழந்தைங்க வரிசையா செத்தப்பதான் அங்க ஊருக்கு ஊர் சமூக அடுக்களை வந்துச்சு. ராகியும் சாமையும் வெளைஞ்ச நிலம் அந்த ஜனங்க கைய விட்டுப் போனது அதுக்கு எவ்வளவோ காலம் முன்னாடி, அதைப் பத்தி யாரும் பேசுறதில்ல.

வழி இல்லாம இல்ல. சத்தீஸ்கர்ல பிலாஸ்பூர் பக்கம் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக்னு ஒரு டாக்டருங்க குழு காட்டுக் கிராமங்கள்ல 'புல்வாரி' நடத்துறாங்க, ஆறு மாசத்துலேருந்து மூணு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களை அதே ஊருப் பொம்பளைங்களே பகல்ல பார்த்துக்கிட்டு ஊட்டிவிடுறாங்க. இதைத்தான் ஒவ்வொரு மலை ஊர்லயும் அரசாங்கம் செய்யணும்னு கேக்குறேன், ஊட்டுற பொம்பளைங்களுக்கு ஒழுங்கா சம்பளத்தோட. அம்மா நிம்மதியா வேலைக்குப் போவாங்க, அந்த அக்காவும் இடுப்புல இருக்குறதை இறக்கி வெச்சுட்டு பள்ளிக்கூடம் போவா.