கல்வெட்டைப் படித்துவிட்டு இடியுங்கள்

வேலூர் மாவட்டம் குடியாத்தம் சுற்றுவட்டார ஊர்களில் பழைய சமுதாயக் கூடங்களை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எங்கள் ஊர்க் கூடத்தின் வாசல் கல்லில் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்று செதுக்கியிருக்கிறது. 1989இல் மாவட்டம் பிரிந்தபோது வந்த பெயர், இன்று வழக்கில் இல்லை. வெள்ளையடிக்கிறவர்கள் அந்த எழுத்தின் மேலும் ஒரு பூச்சு பூசிவிட்டுப் போவது வேறு கதை. 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் கௌண்டன்ய ஆறு கரைபுரண்டபோது, ஆற்றோரத் தெருக்காரர்கள் பாயும் பாத்திரமுமாக வந்து படுத்தது இந்தக் கூடத்தில்தான். குறை இல்லாமல் இல்லை. சமையல்கட்டில் புகை வெளியேற வழி கிடையாது. கழிப்பறைக்குக் குழாய் வந்தபாடில்லை. முதலில் அதற்குப் பணம் ஒதுக்கட்டும். தனியார் மண்டபத்துக்கு வாடகை கொடுக்க முடியாதவர்கள், புதுக் கூடம் எழும்பும் வரை கல்யாணத்தை எங்கே வைப்பார்கள்?