முதலாளி, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்க

12,000 வாட்! ஹோம் தியேட்டர் செட்டோட அட்டைப்பெட்டி மேல கொட்டை எழுத்துல, நெருப்புப் பறக்கிற படத்தோட அச்சடிச்சிருக்கு. தீபாவளி கிட்டத்துல வந்தாப் போதும், அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை எந்த டவுனுக்குப் போனாலும் கடை வாசல்ல இந்தப் பெட்டிங்கதான் அடுக்கியிருக்கு. தேயிலைத் தோட்டத்துல தீபாவளி முற்பணம் கைக்கு வர்ற வாரத்தைப் பார்த்து அடுக்குறாங்க. அந்த முற்பணம் இனாம் இல்ல. அடுத்தடுத்த மாசம் சம்பளத்துல வெட்டி எடுத்துக்கிற காசு. அந்தக் காசை வாங்கிக்கிட்டு ஒரு பச்சைப் பொய்யைப் பெட்டியில போட்டுக் குடுக்குறாங்க. எனக்கு வயிறு எரியுது.

கணக்குப் போட்டுப் பாருங்க, பெரிய படிப்பு எதுவும் தேவையில்ல. நம்ம இலங்கையில கரண்ட் 230 வோல்ட். வீட்டுல இருக்கிற பெரிய பிளக் 13 ஆம்பியர். ரெண்டையும் பெருக்கினா 2,990 வாட். அந்த பிளக்குல இருந்து ஒரு சாமான் இழுக்கக்கூடிய உச்சமே அவ்வளவுதான். இவன் 12,000 வாட்டை எங்க இருந்து எடுக்கிறான்? 2,000 வாட் கரண்ட் கேத்தலைப் போட்டாலே அந்தி நேரத்துல எங்க லயத்து வரிசை வீட்டுல பல்ப் மங்கிப் போகுது. அந்தச் செட்டைத் திருப்பி, பின்னால ஒட்டியிருக்கிற சின்னத் தகட்டைப் படிச்சா 60 வாட்னு போட்டிருக்கு. நியாயமாச் சொல்லணும்னா, அந்தத் தகட்டுல இருக்கிறது சாதாரணமா ஓடும்போது இழுக்கிற கரண்ட். சத்தம் திடீர்னு எகிறும்போது ஒரு கணம் அதைத் தாண்டலாம்தான். அதுக்காக இருநூறு மடங்கா தாண்டும்?

அந்த வாட் நம்பருக்குப் பக்கத்துல பிஎம்பிஓன்னு நாலு எழுத்து போட்டிருப்பாங்க, ஒரு கணத்து உச்ச வாட்டாம். அதுக்கு ஒழுங்கான அளவுகோலே கிடையாது. யாரும் என்ன நம்பரையும் போட்டுக்கலாம். அமெரிக்காவுல 1974லயே இந்தப் பித்தலாட்டத்துக்கு மூக்கணாங்கயிறு போட்டு, ஆம்பிளிஃபையர் வாட்டை இன்ன முறையிலதான் அளந்து சொல்லணும்னு விதி கொண்டு வந்தாங்க. 2024ல அதை இன்னும் இறுக்கியிருக்காங்க. இங்க நம்ம சனம் அரை நூற்றாண்டு கழிச்சும் அதே பொய்க்குக் காசு கட்டுது.

என் மாமாவுக்கு ஒரு ரிசீவர், அதாவது டிவி சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரிச்சுக் குடுக்கிற ஆம்பிளிஃபையர் பெட்டி, எடுக்கணும்னுதான் இந்த அலைச்சல் தொடங்குச்சு. அவருக்கு வீடு அதிரணும்னு ஆசை இல்ல. இந்திய வீட்டுத் திட்டத்துல கிடைச்ச வீடு, 550 சதுர அடி. மழை பிடிச்சா கூரையில விழுற சத்தத்துல படத்துல பேசுறது ஒண்ணுமே கேக்காது. டிவியில சத்தத்தைக் கூட்டினா பாட்டும் சண்டையும் காதைப் பிளக்குது, பேச்சு மட்டும் அமுங்கிப் போகுது. அவர் கேக்கிறது அந்தப் பேச்சைத்தான். ஒழுங்கான 5.1ல, அதாவது அஞ்சு ஸ்பீக்கரும் அடிச்சத்தத்துக்கு ஒரு வூஃபரும் இருக்கிற செட்டுல, அதுக்குன்னே நடு ஸ்பீக்கர் ஒண்ணு இருக்கு. படத்துல பேசுற குரல் பெரும்பாலும் அதுலதான் வரும். ரிசீவர்ல அதை மட்டும் தனியாக் கூட்டி வைக்கலாம். எங்க மழைக்கும் எங்க கூரைக்கும் தேவை அது ஒண்ணுதான்.

அதைச் சொல்லிக் கேட்டா கடையில என்ன காட்டுறாங்க? அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும் இருக்கிற செட்டை எடுத்து வச்சு, புளூடூத்துல போன்ல இருந்து பாட்டைப் போட்டு, முடிஞ்ச மட்டும் சத்தத்தைக் கூட்டிவிடுறாங்க. "எப்படி இருக்கு தம்பி, தியேட்டர் மாதிரி இல்ல?" புளூடூத்துல வர்றதே இடது, வலதுன்னு ரெண்டு சேனல்தான். அதையே அஞ்சு ஸ்பீக்கருக்கும் பங்கு வச்சு விட்டா அது 5.1 ஆயிடுமா? நான் சொன்னேன், "முதலாளி, கொஞ்சம் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்க." அவர் முகம் மாறிப் போச்சு. "இது பார்க்கிற சாமான் இல்ல தம்பி, கேக்கிற சாமான்." நான் விடல, நானே திருப்பினேன். சிவப்பும் வெள்ளையுமா ஒரே ஒரு சோடி ஓட்டை. எச்டிஎம்ஐ இல்ல, வெளிச்சத்துல ஒலியை அனுப்புற ஆப்டிகல் இல்ல, "டோல்பி"ன்னு ஒரு எழுத்து கூட இல்ல. டிவியில இருந்து அஞ்சு சேனலும் தனித்தனியா உள்ள போக வழியே இல்லாத பெட்டிக்கு 5.1னு பேரு. பக்கத்துல நின்ன ஒரு அக்கா அதே செட்டுக்குத் தவணைக் கடுதாசியில கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்த இடத்துல எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறல.

டோல்பி டிஜிட்டல் 1992ல தியேட்டருக்கு வந்தது. முன்னால மூணு, பக்கத்துல ரெண்டு, அடிச்சத்தத்துக்கு ஒண்ணு, இந்த ஆறையும் தனித்தனியாப் பிரிச்சு அனுப்புறதுதான் அதோட வேலையே. பிரிச்சு வாங்கிக்கிற டிகோடர் செட்டுக்குள்ள இருந்தாத்தான் நடு ஸ்பீக்கர்ல பேச்சு வரும். இல்லாட்டி ஸ்பீக்கர் அஞ்சு வச்சாலும் ஒண்ணுதான், அம்பது வச்சாலும் ஒண்ணுதான்.

சரி, பேர் பெத்த கம்பெனி ரிசீவரே எடுப்போம்னு போனா விலை நெஞ்சை அடைக்குது. 2022ல டொலர் 200 ரூபாவுல இருந்து 360ஐத் தாண்டிப் போச்சு. அப்புறம் கொஞ்சம் இறங்கியும் பழைய இடத்துக்கு வரவே இல்ல. 2024 ஜனவரியில இருந்து வற் வரி 18 வீதம். எங்க விசாரிச்சாலும் ஒரு லட்சத்துக்குக் கீழ புது ரிசீவர் என் கண்ணுல படல, அதுவும் ஸ்பீக்கர் இல்லாம, வெறும் ரிசீவர் மட்டும். 2024 செப்டம்பர்ல நிர்ணயிச்ச அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாவா இருந்துச்சு. அந்தக் கணக்குல ஒரு லட்சம்னா 74 நாள் கொழுந்து எடுத்தும் முழுசா வராது, சோத்துக்கும் பிள்ளை படிப்புக்கும் ஒரு சதம் தொடாம.

இந்தப் பேர் பெத்த கம்பெனிக்காரங்களும் வாட்டுல பொடி வச்சுத்தான் பேசுறாங்க. பெட்டியில 145, 150னு போட்டிருக்கும். அடியில எறும்பு எழுத்துல, ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, ஒரே ஒரு சுருதியில, 6 ஓம் ஸ்பீக்கர்ல அளந்ததுன்னு இருக்கும். ஓம்னா ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டுற தடை, அது குறைஞ்சா கரண்டைக் கூட இழுக்கும். ரெண்டு சேனலையும் ஓட்டி, காதுக்குக் கேக்கிற வீச்சு முழுக்க, 20 ஹேர்ட்ஸ்ல இருந்து 20,000 வரைக்கும், 8 ஓம்ல அளந்த நம்பரைத் தேடிப் பிடிங்க, அதுதான் உண்மைக்குக் கிட்டத்துல இருக்கிறது. யமஹா ஆர்எக்ஸ்-வி385 மாதிரியான ஆரம்ப நிலை 5.1 ரிசீவர்ல, ரெண்டு சேனலையும் அந்த வீச்சு முழுக்க ஓட்டி, ஆனா 6 ஓம்ல அளந்தது 70 வாட். நம்ம வீட்டு அறைக்கு எழுபது தாராளம். வாட் ரெண்டு மடங்கானா கூடுறது 3 டெசிபல்தான். காதுக்கு ரெண்டு மடங்கா உறைக்கணும்னா பத்து மடங்கு வாட் வேணும். அப்படியிருக்க 70ஐ விட்டுட்டு 100க்காக இன்னொரு முப்பதாயிரம் கடன் வாங்கச் சொல்ற ஆளை நம்பாதீங்க.

இன்னொண்ணு. பழைய ஹோம் தியேட்டர் பழுதாப் போச்சு, ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு, அதையே புது ரிசீவருக்குக் கொடுத்துக்கலாம்னு கடையிலயே சொல்லி அனுப்புறாங்க. அந்த ஸ்பீக்கர்ல பல 3 ஓம், 4 ஓம். ரிசீவர் கேக்கிறது 6 ஓம், இல்லாட்டி 8 ஓம். மாட்டிச் சத்தம் கூட்டினா ரிசீவர் சூடேறி அணையும், தொடர்ந்து ஓட்டினா எரிஞ்சும் போகலாம். அந்த ஓம் கணக்கும் ஸ்பீக்கரோட பின்பக்கத்துலதான் அச்சடிச்சிருக்கு. ஒரு நிமிசம் திருப்பிப் பார்த்துச் சொல்ல இவங்களுக்கு என்ன கேடு?

இனி ஜப்பான் பழைய சாமான் கதை. கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவுல இருந்து எங்க டவுன் வரைக்கும் வருது. நல்ல சாமான்தான், நான் மறுக்கல. பழைய ஜப்பான் ரிசீவர்ல இருக்கிற டிரான்ஸ்ஃபோமரைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும். ஆனா ஜப்பான்ல கரண்ட் 100 வோல்ட். பின்னால தெளிவாப் போட்டிருக்கும். மஸ்கெலியாப் பக்கம் எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் அப்படி ஒண்ணை வாங்கி, கடைக்காரன் வாயே தொறக்காததால நேரா சுவர் பிளக்குல குத்திட்டான். ஒரு நாத்தம், ஒரு புகை, அவ்வளவுதான். திருப்பிக் கொண்டு போனா, "விக்கும்போது நல்லா இருந்துச்சு, நீங்கதான் கெடுத்தீங்க"ன்னு விரட்டிட்டாங்க. கடையில ஓட்டிக் காட்டும்போது மேசைக்கு அடியில ஒரு கன்வேர்ட்டரை ஒளிச்சு வச்சிருந்தது அப்புறம்தான் தெரிஞ்சது. "இதுக்கு 100 வோல்ட் கன்வேர்ட்டர் வேணும், அதுக்கு இவ்வளவு காசு ஆகும்" என்கிற ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தா அந்தப் பிள்ளை காசு பிழைச்சிருக்கும். தெரிஞ்சே மறைச்சாங்க. இது வியாபாரம் இல்ல, திருட்டு.

மலையில இடி எப்படி விழும்னு உங்களுக்குச் சொல்லவே வேணாம். மார்ச், ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் மத்தியானம் திரும்பினதும் வானம் கறுத்துடும். பிளக்கைக் கழட்டிட்டோம், இனிப் பயமில்லன்னு உக்காந்திருப்போம். ஆனா கூரை மேல டிஷ் நிக்குது. மின்னல் அந்தக் கேபிள் வழியா இறங்கி டிஷ் பெட்டிக்குள்ள போய், அங்க இருந்து எச்டிஎம்ஐ வயர்ல ரிசீவருக்கும் டிவிக்கும் போயிடும். ரிசீவர்ல முதல்ல சாகிறது அந்த எச்டிஎம்ஐ போர்டுதான். வாரண்டி அட்டையை எடுத்துப் படிச்சா, மின்னல் சேராது, வோல்டேஜ் ஏற்ற இறக்கம் சேராது, ஈரம் சேராதுன்னு போட்டிருக்கு. மலைநாட்டுல சாமான் கெடுறதே இந்த மூணாலதான்! வாங்கும்போது "ரெண்டு வருச வாரண்டி, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்கிற வாய், கெட்டுப் போனா "கொழும்புக்குக் கொண்டு போங்க" என்கிறது. ஏழெட்டுக் கிலோப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு கித்துல்கல வளைவெல்லாம் பஸ்ல இறங்கிப் போகணும், ஒரு நாள் பேரையும், அதாவது அன்னைக்குச் சம்பளத்தையும், விட்டுட்டு.

அதனாலதான் எங்க ஊருக்கு ஆப்டிகல் வயர் நல்லதுன்னு நான் அடிச்சுச் சொல்றேன். அதுல போறது வெளிச்சம், கரண்ட் இல்ல. மின்னல் அந்த வயரைத் தாண்டி ரிசீவருக்குள்ள வராது. டோல்பி டிஜிட்டல் 5.1 அதுல தாராளமாப் போகும். டோல்பி ட்ரூஎச்டி மாதிரிப் பெரிய சமாச்சாரம் போகாதுதான், அது எங்களுக்கு இப்ப வேணாம். "ஏஆர்சி இல்லாத ரிசீவர் குப்பை"ன்னு கடையில சொல்றாங்களே, எச்டிஎம்ஐ வயர்லயே டிவி சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்புற அந்த ஏஆர்சி வந்ததே 2009லதான். அதுக்கு முந்தின ரிசீவர்ல நடு ஸ்பீக்கர் பேசாமலா இருந்துச்சு? ஆப்டிகல் இருக்கிற, நல்ல நிலையில இருக்கிற பழைய ரிசீவர் 230 வோல்ட்டுக்குக் கிடைச்சா, என் காசுக்கு அதுதான் முதல் தெரிவு. டிவியில ஒலி அமைப்புக்குள்ள போய் பிசிஎம்ல (சத்தத்தை டிவியே பிரிச்சு அனுப்புற முறை) இருக்கிறதை டோல்பிக்கு மாத்தி விடணும். மாத்தாட்டி ஆப்டிகல்ல ரெண்டு சேனல்தான் வரும். இந்த ஒரு அமத்தலைச் சொல்லித் தராம எத்தனை வீட்டுல நல்ல ரிசீவரை ஊமையாக்கி வச்சிருக்காங்களோ! டோல்பி மாதிரி இன்னொரு முறையான டிடிஎஸ் ஒலியோட இருக்கிற படம் பார்க்கிறவங்க டிவியையும் விசாரிக்கணும். சாம்சுங் 2018ல இருந்து டிவியில டிடிஎஸ்ஸை எடுத்துட்டாங்க. பென்டிரைவ்ல படம் போட்டா சத்தமே வராம, ரிசீவர் பழுதுன்னு தூக்கிக்கிட்டு ஓடுறவங்க இருக்காங்க.

எங்க சனத்துக்கு இதெல்லாம் புரியாதுன்னு ஒரு நினைப்பு இந்தக் கடைக்காரங்களுக்கு. எனக்கு அதுதான் எல்லாத்தையும் விட வலிக்குது. கொழும்புல இருந்து கார்ல வர்ற ஒருத்தர் கேட்டா பெட்டியைப் பிரிச்சு, பின்பக்கத்தைக் காட்டி, புத்தகத்தைக் கையில குடுக்குறாங்க. என் மாமா கேட்டா, "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு, சத்தம் நல்லா இருக்கா இல்லையா?" என்கிறாங்க. அவர் நாப்பது வருசம் ஸ்டோர்ல, தேயிலைத் தொழிற்சாலையில, மெசின் ஓட்டின மனுசன். மோட்டர்த் தகட்டைப் படிச்சு வோல்டேஜும் ஆம்பியரும் சொல்லத் தெரிஞ்சவர். அவருக்கா புரியாது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் இருக்கு. சாமானைப் பத்திப் பொய் சொல்லி விக்கிறது அதுல குத்தம். கேட்டா பில் குடுத்தாகணும். பில்லுல மாடல் நம்பர், வோல்டேஜ், வாரண்டிக்கு யார் பொறுப்பு, இந்த மூணையும் எழுதி வாங்குங்க. "சாமான் 1"னு கிறுக்கித் தர்ற துண்டை மூஞ்சியிலயே திருப்பிக் குடுங்க. அடுத்த தடவை மாமாவோட நான் டவுனுக்குப் போவேன். மூணையும் எழுதித் தரச் சொல்லுவேன். எழுத மாட்டேன்னா, கடைக்குள்ள நின்னே நுகர்வோர் அதிகாரசபையோட 1977 நம்பருக்குப் போன் எடுப்பேன், தவணைக் கடுதாசியோட வரிசையில நிக்கிற அத்தனை பேருக்கும் கேக்கிற மாதிரி.