டிபிஐயை ஏற்றினால் படம் தெளிவாகாது

லேசர் மெஷினில் மரத்தில் போட்டோ செதுக்குவதைப் பற்றி, "டிபிஐயை 600க்கு மேல் வைத்தால் மரத்தில் முகம் அப்படியே போட்டோ மாதிரி விழும்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அது தப்பு. ஓர் அங்குலத்தில் எத்தனை கோடு ஓடுகிறது என்ற கணக்குதான் டிபிஐ, அதைக் கூட்டினால் லேசர் புள்ளி மெலிந்துவிடாது. புள்ளியின் அகலம் 0.1 மி.மீ. என்றால் 25.4 மி.மீ.க்குள் 254 கோடுகள்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் உட்காரும். 600 வைத்தால் ஒரே இடம் இரண்டு தடவைக்கு மேல் கருகி, இமை, முடியிழை எல்லாம் கறுப்பாக அப்பிக்கொள்ளும், நேரமும் இரண்டு மடங்குக்கு மேல் போகும். நானும் ஆரம்பத்தில் இப்படி ஒரு பிளைவுட் பலகையைக் கரியாக்கினேன். தாடிக்காரர் முகத்தில் வாய் எங்கே என்றே தெரியவில்லை.

தெளிவு வருவது படத்தைத் தயார் செய்வதில்தான். பின்னணியை நீக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, செதுக்கப்போகும் அளவுக்கே சுருக்குங்கள். நிழல் பகுதியைக் கொஞ்சம் வெளுக்க விடுங்கள் (மரம் எப்படியும் திரையில் தெரிவதைவிடக் கறுத்துத்தான் காட்டும்), விளிம்புகளைத் திரையில் சற்று மிகையாகத் தெரிகிற அளவுக்குக் கூர்மையாக்குங்கள். டிதரிங் (சாம்பல் நிறங்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றுவது) கடைசியில்தான். அதற்கான முறைகளில் ஜார்விஸ், ஸ்டக்கி எதுவானாலும் சரி, ஆனால் அதற்கப்புறம் அளவை மாற்றினால் புள்ளிகள் குழம்பி, படத்தில் இல்லாத கட்டங்களும் வரிகளும் விழும்.

அப்புறம், புள்ளி அகலம் மெஷினுக்கு மெஷின் மாறும். அதே மரத்தின் துண்டு ஒன்றில் கோட்டு இடைவெளியை 0.08 முதல் 0.12 மி.மீ. வரை மாற்றி மாற்றிச் சின்னச் சதுரங்களாக ஓட்டிப் பாருங்கள்.