மறைப்பதில்லை, பாடமாகவே வைத்திருக்கிறார்கள்

"பைபிள் கையெழுத்துப் பிரதிகளுக்குள் வேறுபாடு உண்டு என்பதை இறையியல் கல்லூரிகள் மாணவர்களிடம் மறைக்கின்றன" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியல்ல. முதுநிலை இறையியலில் மூலபாட ஆய்வு (பிரதிகளை ஒப்பிட்டு மூல வாசகத்தைத் தேடும் ஆய்வு) என்று இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. கிரேக்கம் படிக்கும் மாணவர் கையில் எடுப்பது பெரும்பாலும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் நெஸ்லே-ஆலந்து பதிப்பு. 28ஆம் பதிப்பு 2012இல் வந்தது. அதில் பக்கத்துக்குப் பக்கம், எந்தப் பிரதியில் எந்தச் சொல் மாறுகிறது என்ற குறிப்புகள் அடியில் நெருக்கமாக அச்சாகியிருக்கும். மறைக்க நினைப்பவர்கள் இப்படி அச்சிடுவார்களா?

மாற்கு 16:9-20ஐயே பாருங்கள். 4ஆம் நூற்றாண்டின் கிரேக்க பைபிள் கையெழுத்துப் பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகள் இரண்டிலும் அந்த வசனங்கள் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் (யோவான் 7:53-8:11) அப்படித்தான். நெஸ்லே-ஆலந்து இரண்டையும் இரட்டை அடைப்புக்குறிக்குள் வைக்கிறது; மூலத்தில் இவை இல்லை என்று பதிப்பாசிரியர்கள் கருதுவதன் அடையாளம் அது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்தப் பெண்ணின் கதை. உண்மை தெரிந்த பிறகு அதை இன்னும் கவனமாக வாசிக்கிறேன்.

அப்புறம், பழைய ஏற்பாடு. 1947இல் சாக்கடலருகே கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள், 1008ஆம் ஆண்டின் முழு எபிரேய பைபிளான லெனின்கிராட் பிரதியைவிட ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. இரண்டையும் ஒப்பிட்டால் எழுத்து வேறுபாடுகள் நிறைய, சில இடங்களில் சொல் வேறுபாடுகளும் உண்டு. இதுவும் எபிரேய வகுப்பில் பேசப்படும் விஷயம்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: மூலமொழிகளைக் கட்டாயமாக்காத முதுநிலைப் படிப்புகளும் உண்டு. அங்கே இதை மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போகலாம். அது பாடத்திட்டத்தின் குறை. மறைப்பு என்று சொல்வது நியாயமில்லை.