நைட் கார்ட் மட்டும் போதாதுங்க

"ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிறவங்க நைட் கார்ட் போட்டா சரியாயிடும்"னு கட்டுரையில எழுதிருக்கீங்க, அது பாதி உண்மைதாங்க. நைட் கார்ட்னா தூங்கும்போது பல்லு மேல மாட்டிக்கிற உறை. நான் ரங்கூன்ல இருக்கேன், நாலு வருஷமா இந்தத் தொல்லை, காலைல எந்திரிச்சா வாயே திறக்க வராது, பொட்டுல விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். முதல் டாக்டர் கார்ட் போடச் சொன்னார், ரெண்டாவது ஆளு அதெல்லாம் வேணாம் கடவாப்பல்லை ராவி விட்டா கடி சரியாயிடும்னார், மூணாவதா பாத்த டாக்டரம்மா தாடைச் சதையில போட்டாக்ஸ், அதாவது சதையைத் தளர்த்துற ஊசின்னாங்க. யாரைத்தான் நம்புறது? ராவின எனாமல் திரும்ப வளராதுங்க, அதுக்கு மட்டும் அவசரப்பட்டு தலையாட்டிடாதீங்க. ஊசியோட வேகம் சில மாசத்துல குறைஞ்சிரும், மறுபடி போடணும். கார்ட் பல்லு தேயாம காக்கும் அவ்ளோதான், கடிக்கிறதை நிறுத்தாது, என் கார்ட்ல ரெண்டே மாசத்துல வலது பக்கம் பள்ளமே விழுந்துருச்சு.

எனக்கு உதவினது வேற. கரண்ட் போயி இருட்டுல உக்காந்திருக்கும்போதுகூட மேல்பல்லும் கீழ்ப்பல்லும் இறுகி ஒட்டிகிட்டு இருக்கறதை ஒருநாள் கவனிச்சேன், அன்னிலேர்ந்து உதடு மூடியிருந்தாலும் பல்லை விலக்கி வெச்சுப் பழகுறேன், படுக்கறதுக்கு முன்னாடி தாடைக்கு வெந்நீர் ஒத்தடம், வெத்தலை பாக்கையும் விட்டுட்டேன், இங்க தெருவுக்குத் தெரு வெத்தலைக் கடை, விடுறது லேசில்ல. குறட்டை இருக்கறவங்க தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு பாக்கணும், மனச்சோர்வு மாத்திரை சிலதாலயும் பல்லு கடிக்கிறது வரும், மாத்திரையை நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட கேளுங்க. தயவுசெஞ்சு இதையும் கட்டுரையில சேருங்க.