சும்மா நிற்கிற அணையை யார் பார்க்கிறார்கள்?

நான் காலையில் நடக்கப் போவது ஒரு சின்ன வெள்ளத் தடுப்பு அணையின் கரையில். மண்கரைதான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் உள்ளே தண்ணீரே இருக்காது. முதல்முறை பார்ப்பவர்கள் ஏதோ புல் முளைத்த மேடு என்றுதான் நினைப்பார்கள். போன மழையில் நாலைந்து நாள் உள்ளே தண்ணீர் நின்றது. அப்போது கரையின் வெளிச்சரிவில், அடிப்பக்கம், ஓர் இடத்தில் ஊறல் எடுத்தது. தண்ணீர் வடிந்து பத்து நாள் ஆன பிறகும் அந்த இடத்தில் கால் வைத்தால் பொதபொதவென்று உள்ளே இறங்கியது. சுற்றிலும் புல் காய்ந்துவிட்டது, அங்கே மட்டும் பச்சை.

பொறுப்பில் இருக்கிற அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். “சின்ன அணைதானே சார், ஒண்ணும் ஆகாது” என்று அனுப்பிவிட்டார்கள். அந்தச் ‘சின்ன’ என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். ஒரு லட்சம் கன மீட்டர் பிடிக்கிற அணை, அணைகளின் கணக்கில் மிகவும் சிறியது. ஆனால் அது உடைந்தால் ஒரு லட்சம் டன் தண்ணீர், சில நிமிஷங்களில், ஒரே ஓடை வழியாகக் கீழே வரும். அந்த ஓடையின் ஓரத்தில் படுத்துத் தூங்குகிறவருக்கு அணை எத்தனை மீட்டர் உயரம் என்பதா முக்கியம்?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்ற ஊருக்கு அருகே கெல்லி பார்ன்ஸ் என்று ஓர் அணை இருந்தது. உயரம் சுமார் 12 மீட்டர். 1977 நவம்பர் 6 அன்று, நள்ளிரவு தாண்டி, கனமழையில் உடைந்தது. 39 பேர் இறந்தார்கள். அப்புறம் விசாரித்தபோது ஒரு பழைய புகைப்படம் கிடைத்தது. 1973இல் எடுத்த படம். கரையின் வெளிச்சரிவில் மண் சரிந்து கிடப்பது அதில் தெரிகிறது. நான்கு வருஷத்துக்கு முன்பே கரை காட்டிக் கொடுத்திருக்கிறது. எனக்கு இந்தச் சம்பவத்தில் மனதை விட்டுப் போகாதது அந்தப் படம்தான்.

‘ஆபத்து’ என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. அணைப் பொறியாளர்கள் ஓர் அணையை ‘அதிக ஆபத்து’ வகையில் சேர்த்தால், அது பழுதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உடைந்தால் கீழே உயிர்கள் போகும் என்று அர்த்தம். கரையின் நிலை எப்படி இருக்கிறது என்பது வேறு கணக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று தெரியும். இதில் முதல் கணக்கு அணையைத் தொடாமலே மாறிவிடும். கட்டும்போது கீழே வயல் மட்டும் இருந்திருக்கும். அணை வெள்ளத்தைத் தடுக்கிறது என்ற தைரியத்திலேயே அங்கே வீடுகள் வரும், பிறகு ஒரு பள்ளிக்கூடமும் வரும். அணை அதேதான், வகைப்பாடு மாறிவிட்டது. பழைய கோப்பை யாரும் எடுத்துத் திருத்துவதில்லை.

சட்டமும் பெரும்பாலும் பெரியதைத்தான் பார்க்கிறது. இந்தியாவின் 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் சில நிபந்தனைகள் பொருந்தினால்தான் உள்ளே வரும். அதற்கும் கீழே உள்ளவை கணக்கிலேயே இல்லை. இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் 25,000 கன மீட்டர் என்று கொள்ளளவை அளவுகோலாக வைத்தது. என் பார்வையில் உயரத்தைவிடக் கொள்ளளவு நல்ல அளவுகோல். ஆனால் கீழே யார் இருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

வெள்ளத் தடுப்பு அணைக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. பாசன அணையையோ குடிநீர் அணையையோ தினமும் யாராவது பார்ப்பார்கள், தண்ணீர் தேவைப்படுகிறதே. வெள்ளத்துக்குக் கட்டிய அணை காலியாகவே கிடக்கும். வெயிலில் கரை வெடித்துக் கிடக்கும். பல வருஷம் கழித்து ஒரு நாள் ராத்திரி திடீரென்று விளிம்பு வரை தண்ணீர் ஏறும். முதல்முறை நிரப்பும்போதுதான் ஒரு மண்கரைக்குப் பெரிய சோதனை என்பார்கள். 1976இல் அமெரிக்காவின் டீட்டன் அணை முதல் நிரப்பலிலேயே உடைந்தது. காலியாகக் கிடக்கும் அணைக்கு ஒவ்வொரு பெருவெள்ளமும் கிட்டத்தட்ட முதல் நிரப்பல் மாதிரிதான்.

லிபியாவின் டெர்னா நகரத்துக்கு மேலே இருந்த இரண்டு அணைகளும் வெள்ளத் தடுப்புக்காக 1970களில் கட்டியவை. விரிசல் இருப்பது 1998லேயே தெரிந்திருந்தது. 2023 செப்டம்பரில் டேனியல் புயல் வந்த இரவில் இரண்டும் உடைந்தன. ஆயிரக்கணக்கான மக்கள் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டார்கள். அவை சின்ன அணைகள் இல்லைதான். ஆனால் தெரிந்தும் தள்ளிப்போட்ட விதம் ஒன்றேதான்.

சரி, கசிவுக்கு வருகிறேன். மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், அது குற்றமில்லை. தெளிந்த நீராக, ஒரே அளவில் வந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் கதையே வேறு. உள்ளே இருக்கும் மண் தண்ணீரோடு சேர்ந்து வெளியே வருகிறது, கரைக்குள் ஒரு குழாய் மாதிரி துளை உருவாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துளை வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக வளர்ந்து தண்ணீரைத் தொட்டுவிட்டால், அதற்குப் பிறகு நிறுத்துவது மிகக் கடினம். இங்கே நல்லெண்ணத்தில் பலர் செய்கிற தவறு, வெளிப்பக்கத்தில் களிமண்ணைக் கொட்டி அடைப்பது. அடைத்தால் நீர் உள்ளே அழுத்தம் ஏற்றிக்கொண்டு வேறு இடத்தில் வெடித்து வரும். மணலும் சரளையும் அடுக்கடுக்காகப் போட வேண்டும். நீரை வெளியே விட வேண்டும், மண்ணைப் பிடித்து வைக்க வேண்டும்.

கரையில் மரம் வளர்வதையும் அழகு என்று விட்டுவிடுகிறோம். மரத்தை நேசிக்கிறவன்தான் நானும். ஆனால் மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த இடமெல்லாம் நீருக்கு வழியாகிவிடும். புயலில் சாய்ந்தால் கரையின் ஒரு துண்டையே பெயர்த்துக்கொண்டு போகும். வளை தோண்டுகிற உயிர்களும் அப்படித்தான். மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி மாவட்டத்தின் திவரே அணை 2019 ஜூலை 2 இரவு உடைந்து, கீழே இருந்த வீடுகள் ஆட்களோடு போயின. கசிவு இருப்பதாக ஊர்மக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். உடைந்த பிறகு அமைச்சர் ஒருவர் நண்டுகள் காரணம் என்றார். நண்டு வளையால் கரை பலவீனமாவது உண்மைதான். ஆனால் வளையைத் தேடி அடைப்பது பராமரிப்பு வேலை. அதைச் செய்யாமல் விட்டது நண்டின் பொறுப்பு ஆகாது.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது உபரிநீர் போக்கி அடைபட்டுக் கிடப்பதற்குத்தான். நிறைந்தால் நீர் வெளியேற வேறு வழி இல்லை என்றால் கரைமேல் ஏறும். மண்கரைமேல் வழியத் தொடங்கினால் சில மணி நேரத்தில் கரையை அறுத்துவிடும். முள்ளை வெட்டுவதும் குப்பையை அள்ளுவதும் கோடிக்கணக்கில் செலவாகிற வேலையா? நாலு ஆள் ஒரு நாள் செய்கிற வேலை. கரைக்குள்ளே போகிற வெளியேற்றுக் குழாயைப் பார்ப்பது மட்டும் கொஞ்சம் கஷ்டம், அது துருப்பிடித்தால் வெளியே தெரியாது.

அமெரிக்காவில் 1948 முதல் இப்படி 11,000க்கும் மேற்பட்ட சிற்றாற்று அணைகள் கட்டினார்கள். பல அணைகளுக்கு 50 வருஷம் ஆயுள் என்று கணக்கிட்டுத்தான் கட்டினார்கள். அந்தக் கெடு வந்துவிட்டதால் 2000த்தில் சீரமைப்புக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். வெள்ளம் வருமுன் அணை போடு என்று நாம் சொல்கிறோம். போட்ட அணைக்கு வயதாகும் என்பதை மறந்துவிடுகிறோம்.

2019 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டாட்புரூக் அணையில் போக்கியின் கான்கிரீட் பெயர்ந்து, கரை அரித்துப் பள்ளமானது. கீழே இருந்த வேலி பிரிட்ஜ் ஊரிலிருந்து சுமார் 1,500 பேரை வெளியேற்றினார்கள். ஹெலிகாப்டரில் மூட்டை மூட்டையாகக் கல்லைக் கொண்டுவந்து பள்ளத்தில் போட்டார்கள், பம்பு வைத்து நீரை இறைத்தார்கள். அணை நின்றது. ஒருவரும் சாகவில்லை. பிறகு நடந்த ஆய்வு, போக்கியின் வடிவமைப்பும் சரியில்லை, பராமரிப்பும் விட்டுவிட்டுத்தான் நடந்தது என்று வெளிப்படையாகச் சொன்னது. பழுதைக் கண்ணால் பார்த்த உடனே ஊரைக் காலி செய்ததால், அணை உடைந்திருந்தாலும் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள்.

அலுவலகத்துக்கு மறுபடி போனேன். இந்த முறை வாயால் சொல்லவில்லை. ஈரமான இடத்தின் படங்களை, எடுத்த தேதி போட்டு, இணைத்து எழுத்தில் கொடுத்தேன். கேள்வி மூன்றுதான். இந்த அணைக்குப் பொறுப்பு யார்? கடைசியாகப் பொறியாளர் ஒருவர் நடந்து பார்த்தது எந்தத் தேதி? உடைந்தால் தண்ணீர் எந்தத் தெருக்கள் வரை வரும், அங்கே இருப்பவர்களிடம் யார் போய்ச் சொல்வார்கள்? கடிதத்தை வாங்கிக்கொண்டு முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். அதுவரை தினமும் அதே இடத்தில், அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து வைக்கிறேன்.