அப்ரைசல் கூட்டத்தில் உங்களுக்காகப் பேசப்போவது யார்?

அப்ரைசல் முடிந்த வாரத்தில் எந்த அலுவலகத்திலும் காதில் விழுகிற பேச்சு ஒன்றுதான். "மாடு மாதிரி உழைத்தது நான், ப்ரமோஷன் அவனுக்கு. ஜால்ரா போடுகிறவனுக்குத்தான் காலம்." இதில் உண்மை இல்லாமல் இல்லை. மேலதிகாரியைக் காக்கா பிடித்து மேலே போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ரேட்டிங் வாங்குகிற பக்கத்திலும் போடுகிற பக்கத்திலும் பல வருடம் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தோன்றுவது வேறு. நன்றாக வேலை செய்தும் பதவி உயர்வு கிடைக்காமல் போகிற பலரை யாரும் சூழ்ச்சி செய்து வீழ்த்துவதில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்பது முடிவெடுக்கிறவர்களின் காதுக்கே போய்ச் சேர்வதில்லை.

நம் மேனேஜர் தனியாக உட்கார்ந்து ரேட்டிங் போடுகிறார், அவர் மனது வைத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அவர் போடுவது ஒரு சிபாரிசு மட்டுமே. அப்புறம் காலிபரேஷன் என்று ஒரு கூட்டம் நடக்கும். எல்லா மேனேஜர்களும், அவர்களுக்கு மேலே இருப்பவரும், ஹெச்.ஆரும் சேர்ந்து எல்லாப் பெயர்களையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். ப்ரமோஷனுக்கு எத்தனை இடம், சம்பள உயர்வுக்கு எவ்வளவு பணம் என்பதெல்லாம் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிவாகியிருக்கும்.

அப்படி ஒரு கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். திரையில் எக்செல் ஷீட். ஓர் இடம்தான் மீதி, பெயர்கள் இரண்டு. முதல் பெயருக்கு அவருடைய மேனேஜர் சொன்னது: "ரொம்ப நல்ல பையன் சார். சின்சியர். எவ்வளவு வேலை கொடுத்தாலும் முகம் சுளிக்க மாட்டான்." குறிப்பாக என்ன செய்தார் என்று தலைமை தாங்கியவர் கேட்டார். மேனேஜர் லேப்டாப்பில் எதையோ தேடிவிட்டு, "எல்லாமே செய்வான் சார்" என்றார். அடுத்த பெயருக்கு இன்னொரு மேனேஜர் பேசினார். "மாதக் கடைசிக் கணக்கை முடிக்க நமக்கு ஐந்து நாள் ஆகிக்கொண்டிருந்தது. இந்தப் பெண் சரிபார்க்கும் முறையையே மாற்றினார். இப்போது இரண்டு நாளில் முடிகிறது." எதிரே இருந்த வேறு துறை மேனேஜர், "ஆமாம், எங்களுக்கும் அந்த ரிப்போர்ட் இப்போது சீக்கிரம் வருகிறது" என்றார். அவ்வளவுதான், அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்கள். அந்தப் பையனின் வேலையும் எனக்குத் தெரியும். அவன் எந்த விதத்திலும் குறைந்தவன் இல்லை. அவனுக்காகச் சொல்ல அவனுடைய மேனேஜரிடம் உருப்படியாக ஒரு வாக்கியம் இல்லை.

மேனேஜருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்த்துக்கொள்கிறார், கடைசி இரண்டு மாதம் நடந்ததுதான் அவருக்கு நினைவிருக்கும். நம் வேலை நமக்கு நினைவிருக்கிற அளவுக்கு வேறு யாருக்கும் இருக்காது. 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் கணவன் மனைவியரிடம் வீட்டுப் பொறுப்புகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான ஜோடிகளுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கே இப்படி என்றால், வாரம் ஒருமுறை அரைமணி நேரம் நம்மோடு பேசுகிற மேனேஜருக்கு எவ்வளவு தெரியும்?

அதனால் மாதம் ஒருமுறை அவருக்கு நான்கைந்து வரி மெயில் அனுப்புங்கள். "ரிப்போர்ட் வேலை முடிந்தது" என்று எழுதினால் அது யாருக்கும் பயன்படாது. "வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் சொல்ல மூன்று நாள் ஆனது, படிவத்தை மாற்றியதால் இப்போது ஒரே நாளில் முடிகிறது, பக்கத்து டீமில் இருப்பவர் இதில் பெரிய உதவி செய்தார்" என்று எழுதினால், அதை அப்படியே அவர் அந்தக் கூட்டத்தில் சொல்லலாம். கூட உழைத்தவரின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். அது நியாயம். அதோடு, அவரும் நாளைக்கு உங்கள் பெயரைச் சொல்வார். இதைத் தற்பெருமை என்று நினைத்துக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம். நடந்ததை நடந்தபடி சொல்வதில் பெருமையடிக்க என்ன இருக்கிறது?

நம் வேலையைத் தன் வேலையாகக் காட்டிக்கொள்கிற சீனியர்களுக்கும் இதுவே மருந்து. மீட்டிங்கில் எழுந்து சண்டை போட்டால் கெட்ட பெயர் நமக்குத்தான். மீட்டிங்குக்கு முந்தின நாளே, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும், "நான் தயார் செய்த வரைவு இது, கருத்துச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைப்பது. மீட்டிங் குறிப்பு எடுப்பது, புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, பிரிவு உபசார விழாவுக்குப் பணம் திரட்டுவது, யாரும் தொடாத பழைய ஃபைலை ஒழுங்கு செய்வது. இவை இல்லாமல் அலுவலகம் நடக்காது, ஆனால் இவற்றுக்காக யாருக்கும் ப்ரமோஷன் கிடைத்ததில்லை. இவை போய் விழுவது பெரும்பாலும் பெண்களின் தலையில். லிண்டா பாப்காக்கும் இன்னும் மூன்று ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில் இப்படிப்பட்ட வேலைக்கான கோரிக்கை ஆண்களைவிடப் பெண்களுக்கு 44 சதவீதம் அதிகமாகப் போனது. கேட்டபோது ஒப்புக்கொண்டது ஆண்களில் 51 சதவீதம், பெண்களில் 76 சதவீதம். ஆண் மேலாளர், பெண் மேலாளர் என்ற வித்தியாசமும் இதில் இல்லை, கேட்கிறவர் யாராக இருந்தாலும் பெண்களைத்தான் அதிகம் கேட்டார்கள். "மறுத்துப் பழகுங்கள்" என்று பெண்களுக்கு அறிவுரை சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மறுத்தால் திமிர் என்ற பட்டம் வரும். முறை வைத்துப் பிரித்துக் கொடுக்க வேண்டியது மேனேஜரின் வேலை. அவர் செய்யாவிட்டால், "இந்த மாதம் நான் எழுதினேன், அடுத்த மாதம் யார் எழுதுகிறார்கள்?" என்று மீட்டிங்கிலேயே கேட்டுவிடலாம்.

ஆபீஸ் பாலிடிக்ஸ் என்று நாம் திட்டுவதில் ஒரு பகுதி நிறுவனமே உண்டாக்கியது. ஜாக் வெல்ச் தலைமையில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ஊழியர்களை மேலே 20, நடுவில் 70, கீழே 10 சதவீதம் என்று பிரித்தது. அதைப் பார்த்துப் பல நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. மைக்ரோசாஃப்ட் இதே மாதிரியான முறையை 2013 நவம்பரில் கைவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் சறுக்கினால்தான் எனக்கு நல்ல ரேட்டிங் என்று ஆக்கிவிட்டு, "டீமாக வேலை செய்யுங்கள்" என்று சுவரில் போஸ்டர் ஒட்டினால் யார் கேட்பார்கள்? அந்தச் சூழலில் ஒருவரை ஒருவர் போட்டுக்கொடுப்பது வளரத்தான் செய்யும். நீங்கள் அதில் இறங்காதீர்கள். இன்றைக்கு உங்களிடம் கோள் கேட்டுச் சிரிக்கிறவர், நாளைக்கு உங்களை நம்பி ஒரு பொறுப்பைத் தர யோசிப்பார்.

கடைசியாக, ப்ரமோஷன் வேண்டும் என்றால் வாய் திறந்து கேளுங்கள். அப்ரைசல் மாதத்தில் கேட்டுப் பயனில்லை, அப்போது எல்லாம் முடிவாகியிருக்கும். ஆறு மாதம் முன்பே, "அடுத்த நிலைக்குப் போக என்னிடம் இன்னும் என்ன பார்க்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல மேனேஜர் இரண்டு மூன்று விஷயம் தெளிவாகச் சொல்வார். அவற்றைச் செய்துவிட்டுப் போய் மறுபடியும் கேளுங்கள். அப்போதும் "பார்க்கலாம், நேரம் வரும்" என்று மழுப்பினால், அந்த மெயில்களையெல்லாம் எடுத்து வைத்து உங்கள் ரெஸ்யூமைப் புதுப்பியுங்கள். இன்டர்வியூவில் "என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் அந்த மெயில்களிலேயே இருக்கும்.